இனிமேல் சாயம் அனுப்பாதே

கிலிஃபி மாவட்டம், கென்யா, வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஜும்வாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டும் மாத்திரை விழுங்கிக்கொண்டும் இருக்கிறோம், குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. நீ அந்த ஹம்பர்க் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் பேச்சு வாங்காமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. சிவப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. முந்திரிப் பூ இந்த வருடம் காற்றில் பாதி உதிர்ந்துவிட்டது. பிரஷருக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், சர்க்கரை கொஞ்சம் கூட, பயப்படும்படி இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சில வாரங்களாக நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் தோப்பில் இருக்கிறேன், குளிக்கிறேன், தூங்குகிறேன் என்று அம்மா சொன்னாளே, அது எல்லாம் பொய். நான் பக்கத்திலேயே சுவரோரம் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், போன வருடம் நான் உன்னிடம் தலைச்சாயம் கேட்டேன். நல்லதாக, அங்கே விற்பதாகப் பார்த்து அனுப்பு என்றேன். நீ சிரித்துவிட்டு, "யாருப்பா அந்த அதிர்ஷ்டசாலி, அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். நானும் சிரித்தேன். ரிட்டையர் ஆன மனுஷனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா என்று சொன்னேன். அதுவும் பொய்தான். இந்தப் பக்கத்தில் தலை நரைத்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் சாயம் பூசுகிறார்கள், யாரும் அழகுக்காகப் பூசவில்லை. நீ இங்கே இருந்தபோது இவ்வளவு முற்றவில்லை. இப்போது ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு பையன் பைக்கிலிருந்து விழுந்தால், கிணறு வற்றினால், சூனியம் வைத்த வெள்ளைத் தலை எங்கே என்றுதான் முதலில் தேடுகிறார்கள். பெரியவரே என்று யாராவது கூப்பிட்டால் முன்பெல்லாம் நெஞ்சு நிமிரும், இப்போது முதுகு சில்லென்கிறது. துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டியபோது அத்தனை உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, காற்றில் கன்டெய்னர் ஆடும்போதுகூட, எனக்குப் பயம் வந்ததில்லை. ஓய்வு பெற்று, மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்களே, அந்தக் கடிகாரத்தோடு ஊருக்கு வந்த பிறகுதான் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா தூங்கணும் பெரியவரே, தூக்கம் இல்லாம இந்தப் பிரஷர் எறங்காது" என்கிறார். நன்றாகத் தூங்கினால் வெளியே காலடிச் சத்தம் கேட்காதே டாக்டர் என்று சொல்ல நினைத்து, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது மந்திரம் சூனியம் பற்றியது என்று நீ நினைக்காதே. எல்லாம் நிலம்தான். கடற்கரைப் பக்கம் ஓட்டல் கட்டுகிறவர்கள் வந்து விலை கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து எந்தக் கிழவன் பெயரில் எவ்வளவு தோப்பு என்று பொடியன்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். உன் சித்தப்பா மகன் கஹிந்தியைப் பார். பள்ளிக்கூடம் முடித்தான், மொம்பாசாவில் வேலை தேடி அலைந்தான், கிடைக்கவில்லை, இப்போது வேறொருவன் பைக்கை வாடகைக்கு ஓட்டுகிறான். அவன் அப்பா இறந்த பிறகு தோப்பு முழுவதும் என் பெயரில். நான் துறைமுகத்திலேயே கிடந்து செத்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும், திரும்பி வந்து குந்திவிட்டேன். அவனைத் திட்டினால் மட்டும் போதுமா? எங்களுக்கு வேலை இருந்தது, பென்ஷன் இருக்கிறது. அவர்களுக்கு எங்கள் சாவுதான் பென்ஷன். இதைக் கூட்டத்தில் எவனாவது எழுந்து சொல்கிறானா? மாட்டான். சூனியம் என்று சொல்லிவிட்டால் சர்க்காரிடம் வேலை கேட்க வேண்டாம், பள்ளிக்கூடம் கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரி கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கிழவனின் கூரையைப் பார்த்தால் போதும்.

சாயம் பூசாத ஒரே ஆள் நம் கிட்சாவோ மாமாதான். துறைமுகத்தில் எனக்கு முன்பே ஓய்வு பெற்று வந்தவர், நம் தோப்புக்கு அடுத்த தோப்பு. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டப் போவாரே, அவரேதான். தலை பஞ்சு மாதிரி வெள்ளை. நான் கடையில் விற்கும் பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வேலியைத் தாண்டி வந்து கேலி பண்ணுவார். "டேய் கிரேன், நீ தலையில பூசுறியா, செருப்புக்குப் பூசுறியா?" என்பார். பூசிக்கோ கிட்சாவோ, உயிர் முக்கியம் என்று நான் சொன்னால், "இந்த முடியை வெள்ளையாக்க நான் எத்தனை வருஷம் ஓவர்டைம் பாத்திருக்கேன் தெரியுமா, அதைப் போயி மறைக்கச் சொல்றியே" என்று சிரிப்பார். அந்தக் கடைப் பொடி எல்லார் தலையிலும் ஒரே மாதிரிதான் பிடிக்கும். செம்மண் கலந்த கறுப்பு, காதோரம் கறை, நாலு நாளில் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பார்த்தவுடனே இது சாயம் என்று தெரியும். தெரியட்டும் என்றுதான் பூசுவதே. பயந்த கிழவன், அடங்கிக் கிடக்கிறான் என்று தெரிந்தால் ஊர் விட்டுவிடும். எனக்கு இந்தக் கணக்கு அப்போது புரியவில்லை. பொடி பட்டுக் கண் எரிந்து சிவந்து போனது, சூனியக்காரனுக்குக் கண் சிவந்திருக்கும் என்பார்கள், வெள்ளைத் தலையைவிடச் சிவந்த கண் இன்னும் ஆபத்து, அதனால்தான் உன்னிடம் நல்ல சாயம் கேட்டேன்.

நீ அனுப்பியது நல்ல சாயம்தான் ஜும்வா. ரொம்ப நல்ல சாயம். எரியவில்லை, கறை இல்லை, வேர் வரைக்கும் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் கல்யாண போட்டோவில் நிற்கிற ஆள். கொஞ்ச நாள் எனக்கே கர்வமாக இருந்தது, சட்டையை உள்ளே செருகிக்கொண்டு சந்தைக்குப் போனேன் என்றால் பார். அம்மா மட்டும், "ஜும்வா அப்பா, இது ரொம்ப அதிகமா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாள். பொறாமை என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் சூமா படுத்தான். நினைவிருக்கிறதா, பைக் ஓட்டும் பையன், கஹிந்தியின் கூட்டாளி, நல்ல உயரம். இருமல், காய்ச்சல், இளைத்துக்கொண்டே போனான், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவனுக்கு உதிர்கிறது, எனக்குக் கறுக்கிறது. ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை.

மாமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். நான் வழக்கம் போல முன்னால் போய் உட்கார்ந்தேன். கிட்சாவோ முழங்கால் வலி என்று வரவில்லை. கொஞ்ச நேரம் கிணறு, வேலி என்று பேசிவிட்டு, கஹிந்தி எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். "பெரியப்பா, ஒரு சந்தேகம். ரிட்டையர் ஆனா எல்லாரும் கெழடாவாங்க. நீங்க மட்டும் கொமரன் ஆயிட்டே போறீங்களே, எப்படி?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னாலிருந்து ஒருத்தன், "சூமாவோட வயசு எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சுடா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பொடி பூசியவர்கள் எல்லாம் சாயம் பூசியவர்கள், நான் ஒருத்தன் மட்டும் நிஜமாகவே கறுத்தவன். என் மகள் ஜெர்மனியிலிருந்து அனுப்பினாள், டப்பா வீட்டில் இருக்கிறது, கொண்டு வந்து காட்டுகிறேன் என்றேன். "டப்பா யாருகிட்டதான் இல்ல? எங்க தாத்தாவும்தான் பூசுறாரு, தார் ரோடு மாதிரி இருக்கு. உங்களுக்கு மட்டும் மயிரு மொளைக்கும்போதே கறுப்பா மொளைக்குதா?" என்று இன்னொருத்தன் கேட்டான். பையன்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் என் தோளில் கை வைத்தான், அடிக்கவில்லை, வைத்தான், அவ்வளவுதான்.

ஜும்வா, அந்தக் கை தோளில் இருக்கும்போது உன் அப்பா என்ன செய்தான் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அடப் போங்கடா, நான் பயந்து பூசுறவன். பயப்படாம வெள்ளைத் தலையோட நெஞ்ச நிமித்தி நடக்குறானே கிட்சாவோ, அவனுக்கு ஏன் பயமில்லன்னு போய்க் கேளுங்க." விளையாட்டாகச் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். விளையாட்டு இல்லை. சொல்லும்போதே எனக்குத் தெரியும். பிறகு அந்தக் கை என் தோளிலிருந்து எடுக்கப்பட்டது. அது எடுக்கப்பட்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதனால்தான் உன் வீடியோவுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அவர் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்துவிட்டார்கள். தென்னங்கீற்று எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் பிழைத்தது எதனால் தெரியுமா, வயதான எங்கள் எல்லாருக்கும் இருக்கிற மூத்திர வியாதியால். எழுந்து தோப்பு ஓரம் போயிருந்தார், திரும்பிப் பார்த்தால் வீடு எரிகிறது. டாக்டரிடம் மாத்திரை வாங்கிக் குணப்படுத்தியிருந்தால் செத்திருப்பார். முள்ளில் விழுந்து எழுந்து மெயின் ரோடு வரைக்கும் போய், லாரி பிடித்து மலிந்தி போய்ச் சேர்ந்தார். அங்கே இப்படி விரட்டப்பட்ட கிழவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதி இருக்கிறது. அப்புறம் சூமாவை அவன் அம்மா யார் பேச்சையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நுரையீரலில் காசநோய் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இப்போது எழுந்து நடக்கிறான், சதை பிடித்திருக்கிறது. ஊரில் ஒருத்தன் வெட்கப்பட வேண்டுமே! கஹிந்தி என்னைப் பார்த்தால் இப்போதும் "சாப்பிட்டீங்களா பெரியப்பா" என்று கேட்கிறான். யார் சொன்னது, யார் கொளுத்தியது என்று கேட்டால் ஊரே சொல்லுச்சு, ஊரே போச்சு என்கிறார்கள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். அம்மா தேங்காய்ப் பாலில் சோறும் மீனும் கட்டிக் கொடுத்தாள். விடுதி சுத்தமாகத்தான் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மாத்திரை தருகிறார்கள், அவருக்குப் பிரஷர்கூட என்னைவிடக் குறைவு. நீ எழுதுவாயே, நீ குளிப்பாட்டும் லோமான் அம்மாவைப் பற்றி, தனி அறை, ஜன்னலில் பூந்தொட்டி, வேளைக்கு நர்ஸ், இருந்தும் யாரும் வருவதில்லை யாரும் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்று. அங்கே யாரும் வரவில்லையே என்று அழுகிறார்கள், இங்கே யாராவது வந்துவிடுவார்களோ என்று விழித்துக் கிடக்கிறோம். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிட்சாவோ இரண்டையும் பார்த்துவிட்டார். முதலில் வந்தார்கள், இப்போது யாரும் வருவதில்லை. மீனை முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே என் தலையைப் பார்த்து, "அடேய், நல்லா இருக்குடா. ஜும்வாகிட்ட சொல்லி மாமாவுக்கும் ஒரு டப்பா அனுப்பச் சொல்லு. இனிமே நான் ஓவர்டைம் கணக்கெல்லாம் பாக்கல" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை ஜும்வா. நிஜமாகவே கேட்டார்.

பிறகு கை கழுவிக்கொண்டு கேட்டார், "நீ அன்னிக்கு அங்கதானடா இருந்த, எந்த நாயி என் பேரை எடுத்தது? கஹிந்தியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூச்சல்ல எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "விடு, நீ ஒருத்தன் என்ன பண்ணியிருப்ப" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லையே. அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "சாயம் தலைக்குத்தானே பூசுனீங்க, நாக்குக்குமா?" என்றாள். ஒரு வாரம் என் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் நியாயம் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லாவிட்டால் நம் வீடு எரிந்திருக்கும், நீயும் உள்ளே இருந்திருப்பாய் என்றேன். "என்னைச் சேக்காதீங்க. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க" என்றாள். உன் அம்மாவும் நரைத்தவள்தான், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறாள், அவளுக்கும் பயம் உண்டு. ஆனாலும் அவள் யார் பெயரையும் சொல்லவில்லை.

இப்போது ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். விடுதிக்காரர்கள் இரண்டு தடவை வந்து பேசிவிட்டுப் போனதால் வந்த வழி. நம்மவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும்: மரத்தடியில் விழுந்த சொல்லை, அதைச் சொன்ன வாயே அதே மரத்தடியில், அதே கூட்டத்துக்கு முன்னால், திருப்பி எடுக்க வேண்டும். வேறு யார் எடுத்தாலும் செல்லாது. எடுத்துவிட்டால் கிட்சாவோ திரும்பி வந்து அவர் தோப்பில் வீடு கட்டிக்கொள்ளலாம், யாரும் கை வைக்க மாட்டார்கள். சூமாவின் அம்மா, கூரைக்குக் கீற்று தான் முடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள், இந்த ஊரில் அவள் ஒருத்திதான் மனுஷி. சொன்ன வாய் எது என்றுதான் யாருக்கும் "தெரியவில்லை". அன்றைக்கு மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். நான் எழுந்தால், அவர்களும்தான் அம்மணமாக நிற்க வேண்டும். கூட்டம் நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும்.

நான் எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் கிட்சாவோ இல்லை, சூமாவின் வயதைத் தின்றவன் நீதானா என்று பழைய இடத்துக்கே பேச்சு திரும்பும். சூமா பிழைத்துவிட்டானே என்று நீ கேட்பாய். பிழைத்தால் என்ன, நாளைக்கு இன்னொருவன் இருமுவான். தோப்பு அங்கேயேதான் இருக்கிறது, கஹிந்தியும் அங்கேயேதான் இருக்கிறான். உடனே மொம்பாசாவுக்குக் குடிபோங்கள் என்று சொல்வாய். போகலாம். அதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும், செய்யாமல் போனால் நான் ஓய்வு பெற்றவனும் இல்லை, உயிரோடு இருப்பவனும் இல்லை.

கூட்டத்தில் எழுந்து சொல்லப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலும் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் என்னை உட்கார வைத்து, தலையை முழுவதும் மழித்துவிட்டாள். உன் ஜெர்மன் கறுப்பு எல்லாம் தரையில் கிடந்தது, கோழி வந்து கிளறிப் பார்த்துவிட்டுப் போனது. இன்று காலையில் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று முளைத்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அம்மா தானும் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்கிறாள், பெண்கள் வரக் கூடாது என்றேன், "எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்" என்று தலைத்துணியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

இதை ஏன் இன்றைக்கே எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். முடிந்த பிறகு எழுதினால் நல்ல பிள்ளையாக எழுதலாமே. அதுதான் கூடாது. எனக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷர், தலை சுற்றுகிறது, முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று வரும். வயசானவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? அதனால் இன்றைக்கே கிலிஃபி டவுனுக்குப் போய் இதைத் தபாலில் போட்டுவிடப் போகிறேன். போட்டுவிட்டால் திரும்பி எடுக்க முடியாது. உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். சாயம் அனுப்பியதற்காக நீ ஒரு நிமிடம்கூட வருத்தப்படக் கூடாது. நீ அனுப்பியது சாயம், அதோடு நான் செய்தது என்னுடையது.

லோமான் அம்மாவின் தலையைச் சீவும்போது மெதுவாகச் சீவு. அந்த வெள்ளை முடியை யாரும் பார்க்கலாம் என்று அவர் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. உனக்கு நல்ல வேலையும், நிம்மதியான தூக்கமும், நரைக்கும் வரைக்கும் ஆயுசும், நரைத்த பிறகு பயமில்லாத ஆயுசும் ஆண்டவன் கொடுக்கட்டும். கம்பளிச் சாக்ஸை வேலை முடிந்ததும் கழற்றிக் காய வை, ஈரத்தோடு தூங்காதே. ஒன்று மட்டும் மறக்காதே: கடிதம் கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு. எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்காதே. "மரத்தடியில எந்திரிச்சீங்களா?" என்று கேள். அம்மாவிடம் இல்லை, என்னிடம் கேள். நான் சுவரோரம் ஒளிந்தால் அம்மா போனை என் பக்கம் திருப்பிவிடுவாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
செங்கோ